பாதசாரியின் வழியும் கணிப்பொறியின் கணக்கும்

கட்டடத்துக்குக் கட்டடம் செங்கோணமாக நடைபாதை அமைத்து, இடையில் புல்தரை வளர்த்துவைத்த வளாகம் எதுவாயினும், சில மாதங்களுக்குள் அப்புல்தரையின் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை தோன்றிவிடுகிறது. தோட்டக்காரர் முள்வேலி இடுகிறார். வேலி முடியுமிடத்தில் புதிய தடம் பிறக்கிறது. அறிவிப்புப் பலகை நடுகிறார்கள். பலகையைச் சுற்றிக்கொண்டு தடம் போகிறது. இதனை ஒழுங்கீனம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தத் தடம் நூற்றுக்கணக்கானோர் தம் கால்களால் எழுதிவைத்த ஒரு பதிவேடு. எங்கிருந்து எங்கே போக விரும்புகின்றனர், அதற்காக எவ்வளவு வளைந்து செல்லச் சம்மதிக்கின்றனர் என்ற இரண்டு விவரங்களும் அதில் அடங்கியுள்ளன. வரைபடம் தீட்டிய பொறியியல் வல்லுநரிடம் அவ்விரண்டு விவரங்களும் இருக்கவில்லை.

இத்தகைய தடங்கள் உண்டாகும் விதத்தை டிர்க் ஹெல்பிங் என்னும் ஜெர்மன் விஞ்ஞானியும் அவருடைய துணை ஆராய்ச்சியாளர்களும் கணித முறையில் ஆராய்ந்து 1997-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். ஷ்டுட்கார்ட் பல்கலைக்கழக வளாகத்துப் புல்தரைத் தடங்கள் அவர்களுக்கு உதாரணமாக அமைந்தன. நடப்பவருக்கு இரண்டு ஆசைகள் உண்டு என்று அவர்கள் கொண்டனர். ஒன்று, சேர வேண்டிய இடத்தை நோக்கி நேரே செல்வது. மற்றொன்று, ஏற்கெனவே மிதிபட்டுச் சீரான தரையில் நடப்பது. ஒவ்வொரு காலடியும் புல்லைச் சற்றே அமுக்கி, அடுத்து வருபவரை அப்பக்கம் இழுக்கிறது. மிதிபடாத இடத்தில் புல் மீண்டும் வளர்ந்து தடத்தை மறைக்கிறது. இவ்வளவையும் சமன்பாடுகளாக்கிக் கணிப்பொறியில் ஓட்டியபோது, உண்மையான தடங்களை ஒத்த உருவங்கள் தாமே எழுந்தன. அவை முற்றிலும் நேர்க்கோடுகளும் அல்ல; முற்றிலும் சிக்கனமான வலையமைப்பும் அல்ல. பலருடைய வழிகள் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்து ஒன்றுசேர்ந்த சமரசம் அது.

உண்மைத் தெருவில் நிகழக்கூடியதை இவ்வாறு கணிப்பொறிக்குள் நிகழ்த்திப் பார்க்கும் முறையைப் பாவனைச் சோதனை என்று வழங்கலாம். ரயில் நிலையம், திருவிழா மைதானம், மெட்ரோ நிலைய வாயில், கடைத்தெரு ஆகியவற்றின் அமைப்பைத் தீர்மானிக்குமுன் இச்சோதனையை நடத்தும் வழக்கம் இந்தியாவிலும் பரவிவருகிறது. இது வரவேற்கத்தக்கதே. கட்டியபின் இடிப்பதைவிடக் கட்டுமுன் கணக்கிடுவது மலிவு. ஆனால் கணிப்பொறித் திரையில் சிறு புள்ளிகளாக ஊர்ந்து செல்லும் அந்த மாதிரி மனிதர்கள் எந்த விதிப்படி வழி தேர்ந்தெடுக்கின்றனர், அவ்விதி எந்நாட்டு மக்களைப் பார்த்து எழுதப்பட்டது என்ற கேள்விகளைக் கேட்போர் குறைவு. கேட்காமல் விடுவதன் விலையைக் கொடுப்பவர்கள் தெருவில் நடப்பவர்கள்.

அந்த விலை சிறிதன்று. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்; அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, விவசாயமும் குடிசைத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குச் செல்வோரில் சுமார் நாலரைக் கோடிப் பேர் நடந்தே வேலைக்குச் சென்றனர். பள்ளிக்கும் சந்தைக்கும் நடப்போர் இக்கணக்கில் சேரவில்லை.

பாதசாரியைக் கணக்கில் பிடிக்கும் வேலையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, அடுத்த அடியை எங்கே வைப்பது என்பது. மற்றொன்று, எந்தத் தெரு வழியாகப் போவது என்பது. முதற்பகுதியில் விஞ்ஞானம் நன்கு முன்னேறியிருக்கிறது. 1995-ஆம் ஆண்டில் ஹெல்பிங்கும் பீட்டர் மோல்னார் என்பவரும் சேர்ந்து வெளியிட்ட மாதிரியில், ஒவ்வொரு பாதசாரியும் தான் விரும்பும் வேகத்தில் தன் இலக்கை நோக்கி இழுக்கப்படுகிறான். பிற மனிதர்களும் சுவர்களும் அவனைச் சற்றே விலக்குகின்றனபோல் கொள்ளப்படுகிறது. விரும்பும் வேகத்தின் சராசரி வினாடிக்கு 1.34 மீட்டர். இவ்வளவு எளிய விதிகளைக் கொண்டே, எதிரெதிராக வரும் கூட்டம் யாரும் கட்டளையிடாமல் வரிசைகளாகப் பிரிந்து செல்வதையும், குறுகிய வாயிலில் ஒரு பக்கத்தார் சிறிது நேரமும் மறுபக்கத்தார் சிறிது நேரமும் மாறி மாறிப் புகுவதையும் அம்மாதிரி காட்டிவிட்டது. 2001-ஆம் ஆண்டில் ஷாட்ஷ்னைடர் முதலிய ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் தரையை 40 சென்டிமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒருவராக நிறுத்தி நகர்த்தும் முறையை வெளியிட்டனர். முன்சென்றவர் விட்டுச்செல்லும் தடத்தைப் பின்வருபவர் பற்றிச் செல்வதாக அதில் ஓர் ஏற்பாடு உண்டு. எறும்புகள் மணத் தடத்தைப் பற்றிச் செல்வதிலிருந்து எடுக்கப்பட்ட யோசனை அது.

இரண்டாம் பகுதியின் நிலை வேறு. எந்தத் தெரு என்ற கேள்விக்குப் பெரும்பாலான சோதனைகள் தரும் விடை, மிகக் குறுகிய வழி என்பதே. அதற்குக் காரணம் மனித இயல்பு அன்று, கணக்கின் வசதி. எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணித அறிஞர் 1956-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் காப்பிக் கடை ஒன்றில் அமர்ந்து, காகிதமும் பேனாவும் இன்றி, சுமார் 20 நிமிஷத்தில் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை யோசித்து முடித்தார். 1959-இல் அது அச்சாயிற்று. இன்றைய கைப்பேசி வரைபடங்கள் காட்டும் வழிகளுக்கு அம்முறையும் அதன் வாரிசுகளுமே அடிப்படை. கைக்கு எட்டிய இடத்தில் இவ்வளவு சிறந்த கருவி இருக்கும்போது, மனிதனும் அவ்வாறே வழி தேடுகிறான் என்று எண்ணிக்கொள்ள ஆசை எழுவது இயல்பு.

மனிதன் அவ்வாறு தேடுவதில்லை. அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ நகரப் பகுதிகளில் 14,000-க்கும் மேற்பட்டோரின் நடைவழிகளை, பெயர் நீக்கிய கைப்பேசிப் பதிவுகளிலிருந்து எடுத்து ஆராய்ந்து 2021-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். சேருமிடத்தின் திசையிலிருந்து அதிகம் விலகாத தெருவையே மக்கள் தேர்கின்றனர். அத்தெரு சற்று நீண்டதாயினும் பொருட்படுத்துவதில்லை. இன்னொரு விந்தையும் தெரியவந்தது. ஓரிடத்துக்குப் போகும்போது ஒரு வழியிலும் திரும்பும்போது வேறு வழியிலும் வருகின்றனர். தூரம் மட்டுமே காரணமாயின் இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். லண்டனில் பில் ஹில்லியர் தலைமையில் வளர்ந்த ஆராய்ச்சி மரபும் ஏறத்தாழ இதே திசையில் சுட்டுகிறது: திருப்பங்கள் குறைந்த, கண்ணுக்கு நெடுந்தூரம் புலப்படும் வழியில் கால் செல்கிறது. அந்நகரத்து டிரஃபால்கர் சதுக்கத்தின் நடுப்பகுதியை உள்ளூர் மக்கள் ஒதுக்கிச் செல்கின்றனர் என்பதை அவர்கள் நேரில் நின்று எண்ணிக் கண்டனர். பிறகே மாதிரியில் வைத்துச் சோதித்தனர். 2003-இல் முடிந்த சீரமைப்பில் வட பக்கத்துச் சாலை வண்டிகளுக்கு மூடப்பட்டது. நடுவே அகலமான படிக்கட்டும் அமைந்தது. எண்ணுதல் முன்னும் சோதனை பின்னுமாக அமைந்த இந்த முறை கவனிக்கத்தக்கது.

இந்திய நகரத்துத் தெருவில் குறுகிய வழியை விலைபேசும் காரணங்கள் இன்னும் பல. சித்திரை வெயிலில் நிழலுள்ள பக்கம் ஒரு காரணம். மழைக்காலத்தில் நீர் தேங்காத சந்து மற்றொன்று. இருட்டிய பின் விளக்கில்லாத குறுக்குத் தெருவைப் பெண்கள் தவிர்த்து, கடைகள் திறந்திருக்கும் நீண்ட வழியே வருகின்றனர். நாய் துரத்தும் முனையைச் சிறுவர்கள் அறிவார்கள். தலைச்சுமைக்காரருக்கு மேடு உதவாது. நடைபாதை என்று வரைபடத்தில் காட்டிய நீள்சதுரத்தின்மீது மின்மாற்றியும், நிறுத்திய ஸ்கூட்டர்களும், கடைச் சாமான்களும் இருக்க, மக்கள் வண்டிப் பாதையில் இறங்கி நடக்கின்றனர். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி நூல், தடையற்ற நடைப் பகுதியின் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. பாவனைச் சோதனைக்குக் கொடுக்கப்படும் வரைபடத்தில் அந்த அகலம் தவறாமல் இருக்கிறது. தெருவில் இருக்கிறதா என்று பார்த்துவர ஒருவர் போக வேண்டும்.

நடைமேம்பாலத்தின் கதையை இங்கே சற்று விரிவாகக் காண்பது பயன் தரும். 20 மீட்டர் அகலமுள்ள ஒரு சாலை என்று வைத்துக்கொள்ளலாம். வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் தரைவழியே கடக்க 17 வினாடி போதும். பாலத்தின் தளம் சாலைக்கு மேல் 6 மீட்டர் உயரம் எனில், 15 சென்டிமீட்டர் உயரமுள்ள படிகள் 40 ஏற வேண்டும். அவ்வளவே இறங்க வேண்டும். ஏறச் சுமார் 25 வினாடி, பாலத்தின்மேல் நடக்க 17 வினாடி, இறங்கச் சுமார் 20 வினாடி. ஆக ஒரு நிமிஷம். படிக்கட்டு, மக்கள் கடக்க விரும்பும் இடத்திலேயே இருப்பதும் அரிது. 50 மீட்டர் தள்ளியிருந்தால், அங்கே போய் மறுபக்கம் திரும்பி வர 100 மீட்டர், அதற்கு 83 வினாடி. மொத்தம் 145 வினாடி. தரைவழியே கடப்பவர் வண்டிகள் இடைவெளி விடும்வரை ஒரு நிமிஷம் முழுவதும் காத்து நின்றாலும் 77 வினாடியில் மறுபக்கம் சேர்ந்துவிடுகிறார். முழங்கால் வலியையோ, கையில் பிடித்த குழந்தையையோ, தலையில் உள்ள கூடையையோ இக்கணக்கில் சேர்க்கவே இல்லை.

இவ்வளவு எளிய கணக்கு இருக்க, பாலத்தை அனைவரும் உபயோகிப்பர் என்று பாவனைச் சோதனை எவ்வாறு கூறுகிறது? சாலை நடுவில் இரும்புத் தடுப்பு இருப்பதாக வரைபடத்தில் கோடு இழுத்தாயிற்று. அக்கோட்டை மாதிரி மனிதன் தாண்டமாட்டான்; தாண்டும் உரிமை அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. ஆகவே நூற்றுக்கு நூறு பேர் பாலம் ஏறுகின்றனர். உண்மைத் தெருவில் ஆறு மாதத்துக்குள் அந்தத் தடுப்பின் ஒரு கம்பி வளைக்கப்பட்டிருக்கும். வளைந்த கம்பியைக் காட்டி மக்களுக்குப் பொறுப்பில்லை என்று கூறுவது வழக்கம். புல்தரையில் விழுந்த தடத்துக்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. வளைந்த கம்பி, எந்த இடத்தில் கடக்கும் வசதி வேண்டும் என்பதை மீட்டர் சுத்தமாகக் காட்டும் அளவுக்குறி. அதைச் சரிசெய்யும் பணியாளர், வெல்டிங் வைக்குமுன் அவ்விடத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறித்துவைத்தால், விலைகொடுத்து வாங்கிய எந்த மென்பொருளும் தராத செய்தி ஒன்று அலுவலகத்துக்குக் கிடைக்கும்.

எண்ணிக்கை எடுக்கும் முறையிலும் ஒரு பழைய குறை உண்டு. 1988-ஆம் ஆண்டு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வழிகாட்டியின்படி, ஒரு மணி நேரத்தில் கடக்கும் பாதசாரிகளின் எண்ணிக்கையை, அந்நேரத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுவில் பிரிவில்லாத சாலையில் பெருக்குத்தொகை 10 கோடியையும், பிரிவுள்ள சாலையில் 20 கோடியையும் தாண்டினால் அங்கே பாதுகாப்பான கடவை தேவை என்று கொள்ளலாம். மணிக்கு 1,000 வண்டிகள் ஓடும் பிரிவில்லாத சாலையில் 100 பேர் கடந்தாலே அளவு எட்டிவிடும். 500 வண்டிகள் எனில் 400 பேர் வேண்டும். கணக்கு அழகானதே. ஆயினும் அது கடந்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. ஓரிடம் மிக அபாயமானது என்றால், முதியோரும் குழந்தைகளும் அங்கே கடப்பதையே விட்டுவிடுகின்றனர். பேருந்தில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்குகின்றனர். அல்லது எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போவதையே கைவிடுகின்றனர். அபாயம் அதிகமாக அதிகமாகக் கடப்போர் தொகை குறைகிறது. தொகை குறைவதால் கடவை தேவையில்லை என்று காகிதம் கூறுகிறது.

பாவனைச் சோதனை உண்மையில் உதவக்கூடிய இடம் இதுவே. வீடுகள், பள்ளி, பேருந்து நிறுத்தம், சந்தை இவற்றின் இருப்பிடங்களைக் கொடுத்து, இல்லாத கடவை ஒன்றை இருப்பதாக வைத்து ஓட்டினால், யார் யார் வழி மாறுவர் என்பதை முன்கூட்டி மதிப்பிட இயலும். இன்று கடக்காமல் இருப்பவரைக் கணக்கில் கொண்டுவரக்கூடிய கருவி அது ஒன்றுதான். ஏற்கெனவே தீர்மானித்துவிட்ட பாலத்துக்கு ஒப்புதல் வாங்கும் அறிக்கையில் வண்ணப் படம் சேர்ப்பதற்கு அதனை உபயோகிப்பது வீண்.

வேற்று நாட்டு எண்களை அப்படியே எடுத்தாள்வது பற்றியும் எச்சரிக்கை தேவை. 2009-ஆம் ஆண்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஜெர்மனியின் யூலிக் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்த ஓர் ஒப்பீடு வெளிவந்தது. இரு நாடுகளிலும் ஒரே அளவான பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடக்கச் செய்து அளந்தனர். தனியாக நடக்கையில் வேகத்தில் பெரிய வேற்றுமை இல்லை. கூட்டம் நெருங்க நெருங்க ஜெர்மானியரின் வேகம் விரைந்து குறைந்தது. இந்தியரின் வேகம் அவ்வளவு குறையவில்லை. முன்னால் நடப்பவருக்கும் தமக்கும் இடையே இந்தியர் விரும்பிய இடைவெளி சிறியது. ஜெர்மன் எண்களைக் கொண்டு இந்திய நிலையத்தைக் கணக்கிட்டால், வாயிலில் எவ்வளவு நெருக்கம் சேரும் என்பது தவறாகவே வரும். மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் 2017-இல் வெளியிட்ட இந்திய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டில் பாதசாரி வசதிகளுக்குத் தனி அத்தியாயம் அமைந்தது இவ்வகையில் நல்ல தொடக்கம். நடை வேகமும் பாதையின் கொள்ளளவும் அளக்கப்பட்டுவிட்ட பின், வழி தேர்வும் அதே அக்கறையுடன் இந்நாட்டுத் தெருக்களில் அளக்கப்பட வேண்டும்.

சோதனையின் விதிகளில் இடம்பெறாத மனிதரால் நேர்ந்த துயரத்துக்கு மும்பை உதாரணம். 2017 செப்டம்பர் 29 அன்று காலை, எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலப் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நேரம் கடும் மழை. வண்டியிலிருந்து இறங்கியோர் மழை விடட்டும் என்று பாலத்தின்மேலும் படிகளிலும் நின்றுவிட, அடுத்தடுத்து வந்த வண்டிகளின் மக்கள் பின்னால் சேர்ந்தனர். வழக்கமான மாதிரியில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கு உண்டு. இலக்கை நோக்கி அவன் நகர்ந்துகொண்டே இருப்பான். மழைக்கு ஒதுங்கி நிற்பதையே அப்போதைக்கு இலக்காகக் கொண்டவனுக்கு அங்கே கட்டம் இல்லை. படிக்கட்டின் அகலத்தை மட்டும் வைத்து ஒரு நிமிஷத்துக்கு இத்தனை பேர் இறங்குவர் என்ற கணக்கு, பருவமழைக் காலத்துக் காலை ஒன்றில் பயனற்றுப்போயிற்று. ரயில் நிலையத்தில் நாள்தோறும் நிற்கும் ஊழியர் எவரிடம் கேட்டிருந்தாலும், மழை வந்தால் ஜனங்கள் எங்கே ஒதுங்குவர் என்று சொல்லியிருப்பார்.

ஆகவே தெருவில் நிற்கும் களப்பணியாளரின் குறிப்புப் புத்தகத்துக்கு, ஆராய்ச்சிக்கூடத்துக் கணிப்பொறிக்கு நிகரான மதிப்பு உண்டு. அவர் தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எங்கே தயங்கினார், எங்கே வண்டிப் பாதையில் இறங்கினார், கையில் சுமை இருந்ததா, உடன் குழந்தை இருந்ததா, வெயிலா மழையா என்பனவும் குறிக்கப்பட வேண்டும். காலையில் எடுத்த கணக்கை மாலைக்கும் பொருந்தும் என்று எழுதிவிடலாகாது. போன வழியே திரும்புவதில்லை என்பது மேலே கண்ட செய்தி. பெயரையோ முகவரியையோ கேட்கத் தேவையே இல்லை. கேட்டால் மக்கள் சரியான விடை சொல்லவும் மாட்டார்கள்.

பள்ளி ஆசிரியருக்கு இதில் தனி வாய்ப்பு இருக்கிறது. ஊரின் எளிய வரைபடம் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து, மாணவர் ஒவ்வொருவரையும் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைத் தாளில் குறிக்கச் செய்யலாம். பிறகு அதே இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழியை அளந்து, நடந்த தூரத்தை அதனால் வகுக்கலாம். வகுத்த ஈவு 1 என வந்தால் குறுகிய வழி, 1.3 என வந்தால் நூற்றுக்கு முப்பது பங்கு சுற்றுவழி. ஏன் சுற்றினாய் என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைகளே பாடத்தின் உயிர்ப் பகுதி. கணக்கும் பூகோளமும் குடிமைப் பயிற்சியும் ஒரே மணி நேரத்தில் சந்திக்கின்றன. ஒரு வகுப்பில் நாற்பது பேர் எனில் நாற்பது வழிகள். வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் எந்தத் தெரு கறுத்துத் தெரிகிறது, எந்தத் தெரு வெறுமையாக நிற்கிறது என்பது கண்ணுக்குப் புலப்படும். வெறுமையான தெருவைப் போய்ப் பார்ப்பது நலம். அத்தாளின் பிரதி ஒன்று நகராட்சிப் பொறியியலாளருக்கு அனுப்பப்படுமாயின், அடுத்த முறை அவர் வேகத்தடைக்கோ கடவைக்கோ இடம் தேடும்போது வெறுங்கையுடன் இருக்கமாட்டார்.

இப்படித் திரட்டியவை யாவும் உடனே சமன்பாடாக மாறிவிடா. நிழலுக்கு எத்தனை மீட்டர், இருட்டுக்கு எத்தனை மீட்டர் என்று விலை குறிப்பது புள்ளியியல் அறிஞரின் வேலை. பல வழிகளுள் ஒவ்வொன்றும் எவ்வளவு தேர்ந்தெடுக்கப்படக்கூடும் என்று கணக்கிடும் முறைகளை வகுத்தமைக்காகவே டானியல் மெக்ஃபாடன் 2000-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முறை தயாராக உள்ளது. இந்தியத் தெருவின் எண்கள்தாம் போதவில்லை. பல அலுவலகங்களில் வழங்கும் பாதசாரிக் கணக்கெடுப்புத் தாளில் நேரம், திசை, ஆண், பெண், குழந்தை என்று பத்திகள் இருக்கின்றன. இவ்வழியே வந்ததற்குக் காரணம் என்று இன்னொரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளத் தாளின் வலது ஓரத்தில் இடம் இருக்கிறது.